கோம்ஃப்னர் டிப்பை மேடையிலேயே காட்டுங்கள்

மைக்ரோவேவ் வேக்குவம் ட்யூப் துறையில் ஆயுள் முழுக்க உழைத்த ஒருவருக்காகக் கருத்தரங்கு வைப்பது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. ஐவெக் என்கிற சர்வதேச மாநாட்டில் ஜான் பியர்ஸ் பெயரிலேயே ஒரு விருது உண்டு. பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் தங்கள் மூத்த ஆள் ஓய்வுபெறும்போது ஒரு நாள் அரங்கு நடத்துவார்கள். பெரும்பாலும் ஒரே வார்ப்புதான்: வாழ்க்கைக் குறிப்பு, பழைய புகைப்படங்கள், மாணவர்கள் இப்போது செய்யும் ஆராய்ச்சி பற்றிய ஸ்லைடுகள், இரவு விருந்து. நல்லதுதான். ஆனால் இந்தத் துறையில் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அவரோடு எது போகிறது என்று யோசித்துப் பாருங்கள். சமன்பாடு போகாது, அது 1947-லேயே அச்சேறிவிட்டது. ஃபர்னஸில் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எது முதலில் எது பிறகு, எங்கே கை தவறினால் எது கெடும் என்கிற பக்குவம்தான் போகிறது. அதைப் பேசவைக்கிற அரங்கை எப்படி அமைப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

பொத்தாம்பொதுவாகப் பேசிப் பயனில்லை. மைக்ரோவேவ் சிக்னலை எலக்ட்ரான் கற்றையால் பெருக்கும் ட்ராவலிங் வேவ் ட்யூபைச் செய்துகாட்டிய ருடால்ஃப் கோம்ஃப்னரை எடுத்துக்கொள்கிறேன். அவர் 1977-லேயே காலமாகிவிட்டார். ஆனாலும் அவருடைய ட்யூபை மையமாக வைத்து ஒரு நாள் நிகழ்ச்சி போட்டால் துறையின் எல்லாப் பிரச்சினைகளும் அதற்குள் வந்துவிடும். தலைப்பில் இருக்கும் டிப் என்பது, அந்த ட்யூப் சிக்னலைப் பெருக்காமல் விழுங்கிவிடுகிற நிலை; அதற்குப் பிறகு வருகிறேன்.

வாழ்க்கைக் குறிப்புக்கு இருபது நிமிஷம் போதும், ஏனென்றால் கதை தானாகவே ஓடும். 1909-ல் வியன்னாவில் பிறந்தவர். படித்தது கட்டடக்கலை. 1934-ல் இங்கிலாந்து வந்து அந்தத் தொழிலையே பார்த்தார், ராத்திரியில் ரேடியோவும் இயற்பியலும் படித்தார். 1940-ல் எதிரி நாட்டவர் என்று சொல்லி மேன் தீவு முகாமில் அடைத்தார்கள். வெளியே வந்ததும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், ஆலிஃபன்ட்டின் இயற்பியல் துறையில் ரகசிய ரேடார் வேலை கிடைத்தது. அதே துறையில்தான் 1940 பிப்ரவரி 21-ல் ராண்டலும் பூட்டும் மைக்ரோவேவ் சக்தியை உண்டாக்கும் கேவிட்டி மேக்னெட்ரானை முதன்முதலாக இயக்கியிருந்தார்கள். சுமார் 10 செ.மீ. அலைநீளத்தில் நானூறு வாட் அளவுக்குச் சக்தி கிடைத்தது. ஆக, அனுப்பும் பக்கம் சக்திக்குக் குறைவில்லை. திரும்பி வரும் மெல்லிய சிக்னலை இரைச்சல் சேராமல் பெருக்கத்தான் ஆளில்லை. அப்போதிருந்த இன்னொரு ட்யூபான கிளைஸ்ட்ரானில் எலக்ட்ரான் கற்றை ஒரு குறுகிய இடைவெளியைக் கடக்கிற அந்தக் கணம் மட்டுமே சிக்னலைத் தொடுகிறது. சிக்னலையே மெதுவாக்கிக் கற்றையோடு கூடவே நெடுந்தூரம் நடக்கவிட்டால் என்ன? இதுதான் கோம்ஃப்னரின் கேள்வி. கம்பியை ஹீலிக்ஸாக, அதாவது ஸ்பிரிங் போலச் சுற்றினால் அலை கம்பியோடு சுற்றிச் சுற்றிப் போகவேண்டியிருக்கும், அச்சின் திசையில் அதன் வேகம் குறைந்துவிடும்.

இங்கே மேடையில் ஐந்து நிமிஷம் கணக்கு நேர்செய்ய ஒதுக்குங்கள். ஹீலிக்ஸையும் எலக்ட்ரான் கற்றையையும் சேர்க்கும் யோசனை அவருக்கு முன்பே காப்புரிமைத் தாள்களில் இருந்தது. அமெரிக்காவில் ஆன்ட்ரே ஹேஃப் 1933-லும், ஆர்சிஏ நிறுவனத்தின் நில்ஸ் லிண்டன்பிளாட் 1940-லும் விண்ணப்பித்திருக்கிறார்கள். கோம்ஃப்னர் சுதந்திரமாக அதே இடத்துக்கு வந்து, வேலை செய்கிற பெருக்கியாக்கிக் காட்டினார். 1944-ல் இங்கிலாந்து வந்த பெல் ஆய்வகத்து ஜான் பியர்ஸ் அதைத் தெரிந்துகொண்டு போய் முழுக் கோட்பாட்டையும் எழுதினார். கோம்ஃப்னர் 1951-ல் பெல் ஆய்வகத்துக்கே போய்ச் சேர்ந்தார். ஐஇஇஇ-யின் மெடல் ஆஃப் ஹானர் கோம்ஃப்னருக்கு 1973-லும் பியர்ஸுக்கு 1975-லும் கிடைத்தது. ஒருவரைக் கௌரவிக்கும் நாளில் மற்றவர்களின் பங்கைச் சொன்னால் அவர் பெருமை குறைந்துவிடாது. சொல்லாமல் விட்டால் அரங்கில் உட்கார்ந்திருக்கும் விஷயம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.

அடுத்தது எண்கள். பேச்சாளர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ட்யூபை வைத்துப் பேசினால் கேட்பவருக்குப் பிடி கிடைக்கும். நான் சிபாரிசு செய்வது ஒரு எளிய 6 கிகாஹெர்ட்ஸ் ட்யூப்: கற்றைக்கு 4000 வோல்ட், 50 மில்லிஆம்பியர். 4000 வோல்ட்டில் எலக்ட்ரானின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 37,500 கி.மீ., அதாவது ஒளியின் வேகத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் 6 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6.25 மி.மீ. ஹீலிக்ஸின் விட்டம் 2.5 மி.மீ. என்றால் சுற்றளவு 7.85 மி.மீ., அதில் எட்டில் ஒன்று சுமார் 1 மி.மீ. அதுதான் சுற்றுக்குச் சுற்று இடைவெளி. தாங்கும் பீங்கான் தண்டுகள் அலையை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கும் என்பதால் நிஜத்தில் இடைவெளியைச் சற்றே கூட்டுவார்கள். இருபது அலைநீளம் வேண்டுமென்றால் 12.5 செ.மீ. நீளம், நூற்றிருபத்தைந்து சுற்று. பால்பாயின்ட் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை நீட்டியது போல ஒரு சாமான், கம்பி மட்டும் டங்ஸ்டன் அல்லது மாலிப்டினப் பட்டை.

ஆதாயத்துக்கு, அதாவது சிக்னல் எவ்வளவு பெருகுகிறது என்பதற்கு, பியர்ஸ் தந்த வாய்ப்பாடு ஒரு வரிதான். ஆதாய அளவுரு சி என்பது, ஹீலிக்ஸின் இணைப்பு மின்மறுப்பை (அலை கற்றையோடு எவ்வளவு பலமாக இணைகிறது என்பதன் அளவு) மின்னோட்டத்தால் பெருக்கி, நான்கு மடங்கு வோல்டேஜால் வகுத்து, கனமூலம் எடுத்தால் வருவது. மறுப்பு 40 ஓம் என்றால் நம் ட்யூபுக்கு 2-ஐ 16,000-ஆல் வகுத்துக் கனமூலம் எடுக்கவேண்டும், 0.05 வரும். டெசிபெல்லில் ஆதாயம்: 47.3-ஐ சி-யாலும் அலைநீள எண்ணிக்கையாலும் பெருக்கி 9.54-ஐக் கழிக்கவேண்டும். இருபது அலைநீளத்துக்கு 47.3 வருகிறது, கழித்தால் 37.8 டெசிபெல். அந்த 9.54 எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். உள்ளே வரும் சிக்னல் முன்னோக்கிப் போகும் மூன்று அலைகளாகச் சமமாகப் பிரிகிறது, அவற்றில் ஒன்றுதான் வளர்கிறது. மின்னழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் 9.54 டெசிபெல் இழப்பு. இந்த ஒரு விளக்கம் பத்து ஸ்லைடுக்குச் சமம்.

இனி தலைப்புக்கு வருவோம். மூன்று அலைகளும் ஒன்றோடொன்று குறுக்கிட்டுக்கொள்கின்றன. கற்றையின் வேகம் ஹீலிக்ஸில் ஓடும் அலையின் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாகவும், மின்னோட்டம் சரியான ஒரு சிறிய அளவிலும் இருந்தால் ஹீலிக்ஸின் கடைசியில் சிக்னல் முழுக்கக் காணாமல்போகும். அது எங்கும் தொலைந்துவிடவில்லை, அந்த இடத்தில் அத்தனையும் கற்றைக்கு மாறியிருக்கிறது. இதுதான் கோம்ஃப்னர் டிப். இழப்பையும், கற்றையின் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதையும் (ஸ்பேஸ் சார்ஜ்) புறக்கணித்தால் சி-யை அலைநீள எண்ணிக்கையால் பெருக்கினால் 0.314 வருகிற இடத்தில், வேக அளவுரு (கற்றை அலையைவிட எவ்வளவு வேகம் என்பதை சி-யின் மடங்காகச் சொல்லும் எண்) 1.52 ஆக இருக்கும்போது இது நிகழும். பெருக்குவதற்காகச் செய்த ட்யூப் சிக்னலை விழுங்கிவிடுவதை ஸ்பெக்ட்ரம் அனலைசர் திரையில் நேரில் பார்ப்பதைப் போல ஒரு மரியாதை வேறு கிடையாது. கூடவே ஹீலிக்ஸின் மறுப்பை அளக்க இது நம்பகமான வழியும்கூட.

செய்யும் விதம் இப்படி. நடுவில் வெட்டு இல்லாத, ஒரே துண்டாக ஓடும் ஹீலிக்ஸ் கொண்ட சோதனை ட்யூப் வேண்டும். விற்பனைக்கு வரும் ட்யூப்களில் நடுவே தடுப்பு இருப்பதால் சிக்னல் உள்ளீட்டிலிருந்து வெளியீடு வரை ஹீலிக்ஸின் வழியாகவே போகாது, டிப்பும் தெரியாது. கற்றையை உண்டாக்கும் எலக்ட்ரான் துப்பாக்கியின் ஆனோடு வோல்டேஜைத் தனியாக மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும், ஏனென்றால் மின்னோட்டத்தையும் கற்றை வோல்டேஜையும் தனித்தனியே நகர்த்தப்போகிறோம். ஹீட்டரைக் குறைத்து மின்னோட்டத்தைக் குறைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது நிமிஷக்கணக்கில் நகரும், மேடைக்கு உதவாது. ஹீட்டருக்கு ஐந்து நிமிஷம் கொடுங்கள். உள்ளீடு மைனஸ் 20 டிபிஎம் (நூறில் ஒரு பங்கு மில்லிவாட்) அளவில் இருக்கட்டும், இரண்டு முனையிலும் திரும்பி வரும் சிக்னலைத் தடுக்கும் ஐசொலேட்டர் போடுங்கள். முதலில் 10 மில்லிஆம்பியரில் வைத்து வோல்டேஜை நகர்த்தி உச்ச ஆதாயம் எங்கே என்று பாருங்கள். நம் ட்யூபுக்கு அங்கே சி 0.029, ஆதாயம் 18 டெசிபெல், ஹீலிக்ஸின் இழப்பு போக அதற்கும் கீழே. அந்த வோல்டேஜ்தான் ஒத்திசைவு வோல்டேஜ், 4000 என்று வைத்துக்கொள்வோம். பிறகு மின்னோட்டத்தை 2 மில்லிஆம்பியருக்குக் கீழே கொண்டுவந்து வோல்டேஜை ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஏற்றுங்கள், 4190 பக்கம். இரண்டையும் மாற்றி மாற்றி மெல்ல நகர்த்தினால் திரையில் கோடு சடாரென்று கீழே விழும். நம் கணக்குப்படி அது 1.6 மில்லிஆம்பியரில் நடக்கவேண்டும். மின்னோட்டத்தைப் படித்து, 0.314-ஐ இருபதால் வகுத்து வரும் சி-யை வாய்ப்பாட்டில் திருப்பிப் போட்டால் மறுப்பு கையில் வந்துவிடும்.

டிப் ஆழமாக வரவில்லை என்றால் முதலில் பவர் சப்ளையைச் சந்தேகப்படுங்கள். சி இங்கே 0.0157 மட்டுமே. வோல்டேஜ் ஒரு சதவீதம் ஆடினால் கற்றையின் வேகம் அரை சதவீதம் ஆடும், வேக அளவுரு 0.3 நகர்ந்துவிடும். டிப் கரைந்துபோக அது தாராளம். வோல்டேஜின் ரிப்பிள் (மேலும் கீழுமான சிறு ஆட்டம்) 4 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். அடுத்த சந்தேகம் ஹீலிக்ஸின் இழப்பு. மூன்று டெசிபெல் இழப்பே டிப்பின் இடத்தை நகர்த்தும், அதற்குத் திருத்தம் போடாமல் மறுப்பை அறிவிக்கக்கூடாது. மூன்றாவது, இணைப்புகளில் பிரதிபலிப்பு. டிப்பின் அடியில் சிக்னல் மிக மெல்லியது என்பதால் எங்கோ சுற்றிவரும் கசிவுகூட அடியை நிரப்பிவிடும்.

இதே சோதனை ட்யூபில் மின்னோட்டத்தை ஏற்றி முழு 50 மில்லிஆம்பியர் கொண்டுபோகலாமா? கூடாது. காரணத்தை மேடையில் கணக்காகவே போடுங்கள். முனைகளில் பிரதிபலிப்பின் அளவைச் சொல்லும் விஎஸ்டபிள்யூஆர் 1.5 என்றால் ஒவ்வொரு முனையிலும் திரும்பும் சிக்னல் 14 டெசிபெல் குறைவு. ஆதாயம் 37.8. அதில் இரண்டு முனைக்கு 28 போனால் 9.8, பின்னோக்கி வரும்போது ஹீலிக்ஸின் இழப்பு 3 போனால் 6.8. மீதி பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ட்யூப் தானே அலறத் தொடங்கும், உள்ளீடு தேவையே இல்லை. இதனால்தான் நடுவில் ஹீலிக்ஸை வெட்டி, தண்டுகளில் கார்பன் பூசி, ஒவ்வொரு துண்டுக்கும் இருபது, இருபத்தைந்து டெசிபெல்லுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வெட்டில் ஹீலிக்ஸில் இருக்கும் அலை செத்துப்போகும், கற்றையில் பதிந்திருக்கும் அடர்த்தி மாற்றம் மட்டும் தாண்டிப் போய் அடுத்த துண்டில் அலையை மறுபடி எழுப்பும். கார்பன் பூச்சு திடீரென்று தொடங்கினால் அதுவே ஒரு பிரதிபலிப்பு. பல அலைநீளத்துக்கு மெல்ல மெல்ல அடர்த்தியாகவேண்டும், அந்தச் சாய்வை எப்படிப் பூசுவது என்பது ஒவ்வொரு பட்டறையின் சொந்தச் சொத்து. அதைத்தான் கௌரவம் பெறுபவரிடம் கேட்கவேண்டும்.

மதியத்துக்கு முன் ஒரு முழு அமர்வை, சூடேறி எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடுக்குக் கொடுங்கள். ட்யூபின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது. நம் 50 மில்லிஆம்பியருக்கு, சதுர செ.மீ.க்கு 1 ஆம்பியர் என்று எடுத்தால் 2.5 மி.மீ. விட்டமுள்ள பொத்தான் போதும். ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடமுள்ள நுண்துளை டங்ஸ்டனை எடுத்து, பேரியம் ஆக்சைடு, கால்சியம் ஆக்சைடு, அலுமினா ஆகியவற்றை மோல் கணக்கில் 5:3:2 அல்லது 4:1:1 என்று கலந்து உருக்கி உள்ளே ஊறவைப்பார்கள். டங்ஸ்டனை நேராகக் கடைந்தால் துளைகள் மூடிக்கொள்ளும் என்பதால் முதலில் தாமிரத்தை ஊறவிட்டு, கடைந்து, பிறகு தாமிரத்தை நீக்குவார்கள். தாமிரம் மிச்சமிருந்தால் பின்னாளில் அது ஆவியாகி இன்சுலேட்டரில் படிந்து கசிவு உண்டாக்கும். மேலே ஆஸ்மியம்-ருத்தேனியம் மெல்லிய பூச்சு போட்டால் எம் வகை. அதே மின்னோட்டத்தைக் குறைந்த வெப்பநிலையில் எடுக்கலாம்.

இங்கே துல்லியம் தேவைப்படுகிற, பெரும்பாலும் கோட்டைவிடப்படுகிற ஒரு விஷயம் இருக்கிறது. கேத்தோடின் வெப்பநிலையை ஆப்டிகல் பைரோமீட்டரில் படிக்கும்போது கிடைப்பது ஒளிர்வு வெப்பநிலை. மாலிப்டின உறையின் உமிழ்திறன் 0.4 என்று வைத்தால் நிஜத்தில் 1050 டிகிரி செல்சியஸில் இருக்கும் பொருள் சிவப்பு ஒளியில் 980 டிகிரி என்றுதான் காட்டும். எழுபது டிகிரி வித்தியாசம். பேரியம் ஆவியாகும் வேகம் முப்பது, நாற்பது டிகிரி கூடினாலே ஏறத்தாழ இரட்டிப்பாகும், ஆக இந்தக் குழப்பத்தின் விலை ஆயுளில் பல மடங்கு. பழைய நோட்டில் வெறுமனே 1050 என்று எழுதியிருந்தால் அது எந்த வெப்பநிலை என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் அரங்கில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேத்தோடின் உடல்நிலையைக் காட்ட மிரம் வளைகோடு போதும். வோல்டேஜை நிலையாக வைத்து, வெப்பநிலையை மெல்ல இறக்கிக்கொண்டே மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டு வரவேண்டும். சூடு போதுமான அளவு இருக்கும்வரை மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது வோல்டேஜ்தான், அதன் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப நிற்கும், கோடு தட்டையாக இருக்கும். ஒரு கட்டத்துக்குக் கீழே கேத்தோடால் கொடுக்க முடியாமல் கோடு சரியும். அந்த முழங்கால் கூர்மையாக இருந்தால் பரப்பு முழுக்க ஒரே சீராக உமிழ்கிறது. உருண்டு வழிந்தால் சில இடங்கள் நச்சேறிவிட்டன. வேலை வெப்பநிலையை முழங்காலுக்கு மேலே சில பத்து டிகிரியில் வைப்பார்கள். வயதாக ஆக முழங்கால் வலப்பக்கம் நகர்ந்துவரும், வேலை வெப்பநிலையைத் தொட்டதும் ட்யூபின் காலம் முடிந்தது. விண்வெளி ட்யூபுக்கு 15 வருஷம் என்றால் 1,31,000 மணி நேரத்துக்கு மேல். அத்தனை நேரமும் இந்த இடைவெளியைத்தான் அது தின்றுகொண்டிருக்கும்.

பாகங்களை உருகும் கலவையால் ஒட்டும் பிரேஸிங்கைப் பற்றிப் பேச ஆராய்ச்சியாளரை அழைக்காதீர்கள், ஃபர்னஸ் பார்த்தவரை அழையுங்கள். வரிசைதான் உயிர்: அதிகச் சூடு முதலில். அலுமினா மேல் மாலிப்டினம்-மாங்கனீஸ் பூச்சை ஈரமான ஹைட்ரஜனில் 1450 முதல் 1500 டிகிரியில் சுடுவது, அதன்மேல் நிக்கல், பிறகு 35 சதத் தங்கம் உள்ள தாமிரக் கலவையில் 1010 டிகிரிக்குச் சற்று மேலே ஒரு இணைப்பு, பாதிக்குப் பாதி தங்கம்-தாமிரத்தில் 970-க்கு மேல் அடுத்தது, கடைசியாக 780-ல் உருகும் வெள்ளி-தாமிரம். வரிசை மாறினால் முந்தைய இணைப்பு உருகி ஓடிவிடும். தாமிரம் என்றால் ஆக்சிஜன் நீக்கிய தாமிரம் மட்டுமே. சாதாரணத் தாமிரத்துக்குள் இருக்கும் ஆக்சைடோடு ஹைட்ரஜன் சேர்ந்து உள்ளேயே நீராவி உண்டாகி, துகள் எல்லைகளைப் பிளந்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஹீலியம் லீக் டிடெக்டர் சொல்லும். பித்தளையை வளாகத்துக்குள்ளேயே விடக்கூடாது, துத்தநாகம் ஆவியாகும். காட்மியம் பூசிய திருகும் அப்படியே. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் ஆக்சைடு இருப்பதால் கலவை ஒட்டாமல் உருண்டு நிற்கும், ஹைட்ரஜன் நன்றாக உலர்ந்திருக்கவேண்டும் அல்லது நிக்கல் பூசியிருக்கவேண்டும். அடிப்பகுதி மூடிய துளையில் திருகு போட்டால் அதற்கடியில் மாட்டிக்கொண்ட காற்று மாதக்கணக்கில் கசியும். டிடெக்டரில் எந்தக் கசிவும் காட்டாது, அழுத்தம் மட்டும் இறங்காது. திருகின் நடுவில் ஒரு மெல்லிய துளை போட்டால் தீர்ந்தது.

பிறகு பேக்-அவுட், அதாவது ட்யூபைச் சுட்டு உள்ளே ஒட்டியிருக்கும் வாயுவை வெளியேற்றுவது. 450 முதல் 500 டிகிரியில் ஒரு நாள், இரண்டு நாள். தாமிரம் கறுக்காமலிருக்க வெளியேயும் வேக்குவம் வைப்பார்கள். அதன்பின் கேத்தோடை மெதுவாக உயிர்ப்பித்து, ஆறவைத்து, தாமிரக் குழலை உருளைகளால் நசுக்கிக் குளிர்நிலையிலேயே ஒட்டவைத்து அறுப்பார்கள். சமேரியம்-கோபால்ட் காந்த வளையங்கள் அதற்குப் பிறகுதான் ஏறும், பேக்-அவுட் சூட்டில் அவற்றின் வலு போய்விடும்.

காந்தத்தைப் பற்றி ஒரு செயல்விளக்கம் வைக்கலாம். 1.2 மி.மீ. தடிமனுள்ள நம் கற்றையைப் பிடித்துவைக்கக் குறைந்தது 390 காஸ் வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்று துருவம் மாற்றி அடுக்கிய வளையங்களில் உச்சப் புலம் அதன் 1.4 மடங்குக்குக் குறையக்கூடாது, நடைமுறையில் இன்னும் கூட்டியே வைப்பார்கள். எந்த இரண்டு காந்தமும் ஒரே மாதிரி இருக்காது. ஆகவே ஹீலிக்ஸ் மின்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டே சிறிய இரும்புத் தகடுகளைக் காந்தத்தின் மேல் அங்கங்கே ஒட்டி, திருப்பி, நகர்த்திச் சரிசெய்வார்கள். எந்தக் கணினி நிரலாலும் இன்னும் முழுசாகப் பிடிக்க முடியாத கைவேலை இது. 1 மில்லிஆம்பியர் ஹீலிக்ஸில் மோதினாலே 4 வாட், அந்த மெல்லிய பட்டைக்கு அது சும்மா இல்லை. புதிதாக வந்தவர்கள் சிக்னல் இல்லாமல் சரிசெய்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். முழு சிக்னல் கொடுத்ததும் கற்றை விரிந்து ஹீலிக்ஸில் அடிக்கும், சப்ளை ட்ரிப் ஆகும். இரண்டு நிலையிலும் பார்த்துத்தான் தகடை ஒட்டவேண்டும்.

கற்றை கடைசியில் போய் விழும் கலெக்டரைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 200 வாட் கற்றையிலிருந்து 30 வாட் மைக்ரோவேவ் எடுத்தால் மீதி 170 வாட் சூடாகப் போகும். கலெக்டரைப் பல படிகளாக்கி, வேகம் குறைந்த எலக்ட்ரான்களைக் குறைந்த வோல்டேஜிலேயே இறக்கிவிட்டால் அதில் 136 வாட் திரும்பக் கிடைக்கலாம். ஹீட்டருக்கு 3 வாட் சேர்த்தால் உள்ளே போவது 67 வாட் மட்டுமே. 15 சதத் திறன் 45 சதமாகிறது. இன்றைய விண்வெளி ட்யூப்கள் 65 சதத்தைத் தாண்டிவிட்டன.

மதியத்துக்குப் பிறகு செத்த ட்யூப்களுக்கான அமர்வு. என்னைக் கேட்டால் நாளின் சிறந்த பகுதி இதுதான். ஒவ்வொரு ட்யூபுக்கும் எக்ஸ்ரே படம், கடைசி மிரம் வளைகோடு, அறுத்த பாகம் என்று மூன்றையும் வைத்துக்கொண்டு காரணத்தைச் சொல்லவேண்டும். கேத்தோடின் நடுவில் மட்டும் பள்ளமா? மிச்சமிருந்த வாயு அயனியாகி, பின்னோக்கி ஓடி, நடுவில் அடித்திருக்கிறது. ஹீலிக்ஸ் கடைசிச் சுற்றுகளில் உருகியிருக்கிறதா? வெளியே லோடு கழன்று சக்தி முழுக்கத் திரும்பி வந்திருக்கலாம், அல்லது தண்டுக்கும் ஹீலிக்ஸுக்கும் நடுவே அழுத்தம் குறைந்து சூடு வெளியேற வழியில்லாமல் போயிருக்கலாம். ஜன்னல் பீங்கானில் கருப்புப் புள்ளியா? மின்பொறி. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த ட்யூபுக்குச் சட்டென்று முழு வோல்டேஜ் கொடுத்தால் இதுதான் நடக்கும். ஹீட்டரை மட்டும் சில மணி நேரம் ஓட்டி, வாயுவை உறிஞ்சவிட்டு, பிறகு படிப்படியாக ஏற்றவேண்டும். கெட்டதைக் காட்ட எந்த நிறுவனமும் தயங்கும். நிறுவனத்தின் பெயரையும் வரிசை எண்ணையும் மறைத்துத் தரச்சொன்னால் தருவார்கள்.

கெடாத ட்யூபுக்கும் ஒரு இடம் இருக்கட்டும். 1962 ஜூலை 10-ல் ஏவிய டெல்ஸ்டார் ஒன்றில் சில வாட் சக்தி கொண்ட ஒரே ஒரு ட்ராவலிங் வேவ் ட்யூப்தான் அட்லான்டிக்கைத் தாண்டித் தொலைக்காட்சியைக் கொண்டுசென்றது. கதிர்வீச்சில் படுத்தது கட்டளைச் சுற்றின் டிரான்சிஸ்டர்கள். 1977-ல் புறப்பட்ட வாயேஜர்களின் எக்ஸ் பேண்ட் டிரான்ஸ்மிட்டரும் இந்த வகைதான். 2024 அக்டோபரில் வாயேஜர் ஒன்றின் எக்ஸ் பேண்ட் டிரான்ஸ்மிட்டர் தற்காப்பாக நின்றபோது, 1981-க்குப் பிறகு தொடாத எஸ் பேண்ட் டிரான்ஸ்மிட்டர் எழுந்து சிக்னல் அனுப்பியது.

நம் நாட்டில் இப்படி ஓர் அரங்கு நடத்துவதற்கு ஆட்களும் பொருளும் உண்டு. பிலானியில் சீரி என்கிற மத்திய மின்னணுப் பொறியியல் ஆய்வு நிறுவனம், பெங்களூரில் மைக்ரோவேவ் ட்யூப் ஆய்வு மையமான எம்டிஆர்டிசி, அங்கேயே பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று கேத்தோடு முதல் பேக்-அவுட் வரை செய்த கைகள் இருக்கின்றன. புற்றுநோய் மருத்துவமனைகளின் கதிர்வீச்சு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் கூப்பிடுங்கள். அதற்குள்ளும் மேக்னெட்ரான் அல்லது கிளைஸ்ட்ரான்தான், பயன்படுத்துபவரின் பக்கத்திலிருந்து ட்யூப் எப்படிச் சாகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

காட்சி மேசைக்குச் சில எச்சரிக்கைகள். பெரிலியம் ஆக்சைடு தண்டோ ஜன்னலோ உள்ள ட்யூபை அரங்குக்காக அறுக்கக்கூடாது, உடைந்ததைக் காட்சிக்கு வைக்கவும் கூடாது. அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் மீளமுடியாத நோய். எது பெரிலியா, எது அலுமினா என்று கண்ணால் பிரிக்கமுடியாது, வரைபடத்தைப் பாருங்கள். பழைய ரேடாரில் ரிசீவரைக் காக்கும் டிஆர் குழாய்களில் கதிரியக்கப் பொருள் வைத்திருப்பார்கள், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி பார்க்காமல் பெட்டியிலிருந்து எடுக்கவேண்டாம். சமேரியம்-கோபால்ட் வளையங்கள் விரலை நசுக்கும், ஒன்றோடொன்று மோதினால் சில்லாகத் தெறிக்கும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கான அறிவிப்பை மேசையில் ஒட்டாமல் வாசலிலேயே ஒட்டுங்கள், வருகிறவர்களில் பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். டிப் காட்டும் மேசையில் 4 கிலோவோல்ட்டுக்கு எக்ஸ்ரே பயமில்லை, ஷாக்தான் பயம்: ஹீலிக்ஸும் உடலும் எர்த்தில் இருக்கும், கேத்தோடும் ஹீட்டர் ஒயர்களும்தான் மைனஸ் 4000-ல் மிதக்கும். ஹீட்டர் டிரான்ஸ்ஃபார்மர் அந்த இன்சுலேஷனுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும், மூடி திறந்தால் சப்ளை அறுந்துபோகும் இன்டர்லாக் இருக்கவேண்டும், எர்த் கம்பி பொருத்திய குச்சி கைக்கெட்டும் தூரத்தில் தொங்கவேண்டும். காந்தங்கள் கழற்றிய ட்யூபுக்கு யாரும் ஆர்வக்கோளாறில் வோல்டேஜ் கொடுத்துவிடாமல் ஹீட்டர் பின்னைக் கழற்றி அமைப்பாளர் தன் பையில் போட்டுக்கொள்வது நல்லது.